பெயரிடும் உரிமை: ஆங்கிலச் சிறார் புனைகதையில் கொடிய ஆசிரியரும் கனிவுடைய ஆசிரியரும்

1. முன்னுரை

ஆங்கில மொழிச் சிறார் புனைகதையில் வரும் ஆசிரியர்கள் பெரும்பாலும் இருவகையினர். ஒருவகையினர் அடிப்பவர், அடைப்பவர், பட்டினி போடுபவர். மற்றொரு வகையினர் கேட்பவர், தேற்றுபவர், கதவைத் திறந்துவிடுபவர். இப்பாகுபாடு மிக எளியது என்றும், குழந்தைகளின் நன்மை தீமை உணர்வுக்கு ஏற்ப வகுக்கப்பட்டது என்றும் கருதுவோர் உண்டு. இக்கருத்தில் உண்மை இருப்பினும் அது முழுமையானது அன்று. பிரம்பையும் தண்டனை அறையையும் நீக்கிவிட்டு இப்பாத்திரங்களின் பேச்சை மட்டும் நோக்கினாலும் இருவரையும் வேறுபடுத்திக் காணமுடிகிறது. ஆசிரியர் குழந்தையை எப்பெயரால் விளிக்கிறார் என்பதே அவ்வேறுபாட்டின் முதல் அடையாளம்.

கொடிய ஆசிரியர் குழந்தையின் பெயரைப் பறிக்கிறார். அதற்கு மாற்றாக எண்ணையோ வசைச்சொல்லையோ பிழையான எழுத்தையோ வைக்கிறார். கனிவுடைய ஆசிரியர் அப்பெயரைத் திருப்பித் தருகிறார். இதற்கு எதிர்வினை போலப் புனைகதையாசிரியர் குழந்தையின் சார்பில் ஆசிரியருக்குப் பெயர் சூட்டுகிறார். இவ்வாறு பெயரிடும் உரிமை இருதிசைகளிலும் இயங்குவதை 1749 முதல் 2003 வரை வெளிவந்த சில நூல்களைக் கொண்டு காட்டுவதும், அதனால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் எதிர்கொள்ளும் சிக்கல்களை ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

இங்கு எடுத்துக்கொள்ளப்படும் நூல்களுள் சில வளர்ந்தோருக்காக எழுதப்பட்ட புதினங்கள். எனினும் கொடிய ஆசிரியர் என்னும் வார்ப்பு முதலில் அவற்றில்தான் உருப்பெற்றது; பின்னரே சிறார் நூல்களுக்குள் வந்து சேர்ந்தது. ஆதலின் அவற்றை விலக்கி இவ்வரலாற்றைக் கூற இயலாது.

2. ஆசிரியரின் குரலாக இருந்த நூல்

ஆங்கிலத்தில் சிறாருக்கென எழுதப்பட்ட முதல் முழுநீளப் புதினமாகப் பொதுவாகக் குறிக்கப்படுவது சாரா ஃபீல்டிங் 1749இல் வெளியிட்ட ‘தி கவர்னஸ்’ என்னும் நூல். அது ஒரு பள்ளிக்கதை என்பது நோக்கத்தக்கது. ஒன்பது மாணவியர் பயிலும் சிறு பள்ளி. ஆப்பிள் பழத்திற்காக எழும் சண்டை. அதன்பின் மூத்த மாணவியான ஜென்னி பீஸ் செய்துவைக்கும் இணக்கம் என்று கதை செல்கிறது. ஆசிரியையின் பெயர் மிஸஸ் டீச்சம். ‘அவர்களுக்குக் கற்பி’ என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தொடரின் பேச்சு வடிவமே இப்பெயர். ‘பீஸ்’ என்பது அமைதி. ஆகவே ஆங்கிலப் பள்ளிக்கதை தன் முதல் நூலிலேயே ஆசிரியருக்கும் மாணவிக்கும் காரணப்பெயர் சூட்டித் தொடங்குகிறது எனலாம்.

ஆயினும் இந்நூலில் பெயர் குறிப்பது தொழிலையும் நற்பண்பையுமே, பகையை அன்று. நூலின் குரல் ஆசிரியையின் பக்கமே நிற்கிறது. அக்காலச் சிறார் நூல்களுள் பெரும்பாலானவை அவ்வாறே அமைந்தன. பொய் சொன்ன குழந்தை அழிவதும், கீழ்ப்படிந்த குழந்தை உயர்வதும் அவற்றின் பொருள். புனைகதை ஆசிரியரின் கையிலிருந்த மற்றொரு பிரம்பு என்று கூறினும் மிகையன்று.

இந்நிலைக்குச் சான்றாகும் ஒரு செய்தி ஷார்லட் பிராண்டியின் வாழ்க்கையில் உண்டு. அவர் 1824இல் கோவன் பிரிட்ஜ் என்னும் ஊரிலிருந்த குருமார் புதல்வியர் பள்ளியில் சேர்க்கப்பட்டார். அவருடைய மூத்த சகோதரியர் மரியா, எலிசபெத் இருவரும் அப்பள்ளியில் நோயுற்று 1825இல் இறந்தனர். 1847இல் வெளிவந்த ‘ஜேன் அயர்’ புதினத்தில் வரும் லோவுட் பள்ளியும் அதன் மேலாளர் பிராக்கிள்ஹர்ஸ்டும் அப்பள்ளியையும் அதனை நிறுவிய வில்லியம் கேரஸ் வில்சனையும் தழுவியவை என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கருத்து. வில்சன் சிறாருக்கான சமயக் கதையிதழ் ஒன்றையும் நடத்தியவர். புதினத்தில் பிராக்கிள்ஹர்ஸ்ட் சிறுமி ஜேனை முதன்முதலாகக் காணும்போது, பொய் சொல்லிய ஒரு சிறுமியின் திடீர்ச் சாவைக் கூறும் சிறுநூலை அவளிடம் தருகிறார். அதுவரை சிறாரைப் பற்றிக் கதை எழுதி வந்தவர் ஆசிரியர். இப்போது அவரைப் பற்றி அச்சிறுமி எழுதத் தொடங்குகிறாள். கதைசொல்லும் உரிமை கைமாறிய இடம் இது.

3. எண்ணும் குடும்பப்பெயரும்

இக்கைமாற்றம் பெருமளவில் அறியப்பட்டது சார்லஸ் டிக்கன்ஸ் வழியாக. யார்க்‌ஷயர் பகுதியில், வேண்டாத பிள்ளைகளை விடுமுறையே இன்றி வைத்திருக்கும் மலிவான உறைவிடப் பள்ளிகள் இருந்தன. அவற்றுள் ஒன்றின் உரிமையாளர்மீது, மாணவர் பார்வை இழந்தமைக்காக 1823இல் வழக்கு நடந்தது. டிக்கன்ஸ் 1838இன் தொடக்கத்தில் ஓவியர் ஹேப்லட் பிரவுனுடன் அப்பகுதிக்குச் சென்று பள்ளிகளைப் பார்வையிட்டார். அவ்வாண்டிலேயே ‘நிக்கலஸ் நிக்கல்பி’ தொடராக வெளிவரத் தொடங்கி 1839இல் நிறைவுற்றது. அதில் வரும் பள்ளியின் பெயர் ‘டூத்பாய்ஸ் ஹால்’. ஊர்ப்பெயர்போல் ஒலிக்கும் இதனைப் பிரித்தால் ‘பையன்களை ஏமாற்று’ என்னும் பொருள் கிடைக்கிறது. பெற்றோருக்கு முகவரியாகத் தோன்றுவது வாசகருக்குக் குற்றச்சாட்டாகிறது.

இப்பள்ளியின் ஆசிரியர் ஸ்கியர்ஸ் மாணவரை வரிசை எண்ணால் அழைக்கிறார்: இரண்டாம் பையன், மூன்றாம் பையன். சன்னல் என்னும் சொல்லை எழுத்துக்கூட்டும் பையன் உடனே சன்னலைத் துடைக்கச் செல்லவேண்டும். எழுத்துக்கூட்டலும் பிழையானதே. குதிரை என்றால் என்ன என்னும் வினாவுக்கு ‘விலங்கு’ என்று விடையளித்த பையன் ஆசிரியரின் குதிரையைத் தேய்த்துவிட அனுப்பப்படுகிறான். சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இங்கே கூலியில்லா வேலையாகச் சுருங்கிவிடுகிறது.

பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1854இல், ‘ஹார்ட் டைம்ஸ்’ புதினத்தில் டிக்கன்ஸ் அதே வினாவை மீண்டும் கேட்கிறார். இம்முறை பள்ளியில் பட்டினியும் இல்லை; பிழையான எழுத்துக்கூட்டலும் இல்லை. பள்ளிப் புரவலர் கிராட்கிரைண்ட் ஒரு சிறுமியை ‘இருபதாம் எண்’ என்று சுட்டி எழுப்புகிறார். அவள் தன் பெயர் சிஸ்ஸி என்கிறாள். அது பெயரே அன்று. செசிலியா என்று சொல்லவேண்டும் என்கிறார் அவர். தன் தந்தை அவ்வாறுதான் அழைக்கிறார் என்று அவள் கூற, தந்தைக்கும் அவ்வுரிமை மறுக்கப்படுகிறது. குதிரைகளிடையே வளர்ந்த அச்சிறுமியால் குதிரைக்கு இலக்கணம் சொல்ல முடியவில்லை. காலையும் பல்லையும் எண்ணிச் சொல்லும் பிட்சர் என்னும் சிறுவன் பாராட்டுப் பெறுகிறான். அங்குப் பயிற்சிபெற்று வந்த ஆசிரியரின் பெயர் மக்சோக்கம்சைல்ட்; ‘குழந்தையின் மூச்சை நெரி’ என்பது அதனுள் மறைந்துள்ள தொடர். ஸ்கியர்ஸின் கொடுமை அறியாமையிலிருந்து வருகிறது. இவர்களுடையது அறிவிலிருந்து வருகிறது. இருவருக்கும் பொதுவாக அமைவது எண்ணால் அழைத்தல் ஒன்றே.

‘ஜேன் அயர்’ இச்செய்தியை இன்னும் நுட்பமாகக் காட்டுகிறது. மிஸ் ஸ்கேச்சர்ட் என்னும் ஆசிரியை ஒரு சிறுமியைப் ‘பர்ன்ஸ்’ என்று மட்டும் அழைக்கிறார். பிற இடங்களில் ஆண்பிள்ளைகளை அழைப்பதுபோல இங்குச் சிறுமியரைக் குடும்பப்பெயரால் அழைத்தனர் என்று ஜேன் குறிப்பிடுகிறாள். அச்சிறுமியின் இயற்பெயர் ஹெலன். மறுபுறம், பிராக்கிள்ஹர்ஸ்ட் ஜேனை முக்காலியில் நிறுத்திப் பொய்யள் என அறிவித்த பின்னர், மிஸ் டெம்பிள் அவளைத் தம் அறைக்கு அழைத்து, நடந்ததை அவளே கூறுமாறு கேட்கிறார். அதனை உரியவருக்கு எழுதி உறுதிசெய்துகொண்டு, பள்ளியார் அனைவர் முன்னிலையிலும் அவளைக் குற்றமற்றவள் என அறிவிக்கிறார். கனிவுடைய ஆசிரியரின் செயல் இரக்கத்தோடு நின்றுவிடவில்லை. தவறாக இட்ட பெயரை முறைப்படி நீக்குதல் அது.

4. ஒலியாத ஓர் எழுத்து

கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் ஆசிரியையாகப் பணியாற்றியவர் எல்.எம். மான்ட்கோமரி. அவர் 1908இல் வெளியிட்ட ‘ஆன் ஆஃப் கிரீன் கேபிள்ஸ்’ நூலில் இருவகை ஆசிரியரும் ஒரே பள்ளியில் அடுத்தடுத்து வருகின்றனர். பெற்றோரற்ற சிறுமி ஆன், தன் பெயரின் ஆங்கில எழுத்தில் இறுதியில் நிற்கும் ‘ஈ’ என்னும் எழுத்தைப் பெரிதும் போற்றுபவள். அவ்வெழுத்து ஒலிப்பதில்லை, கண்ணுக்கு மட்டுமே உரியது. ஆயினும் தன் பெயர் அவ்வெழுத்தோடு எழுதப்படும்போதுதான் தனக்கு ஒரு தகுதி உண்டாவதாக அவள் உணர்கிறாள்.

கில்பர்ட் பிளைத் என்னும் மாணவன் அவளுடைய செந்நிறக் கூந்தலைக் கேலிசெய்ய, அவள் பலகையால் அவன் தலையில் அடித்துவிடுகிறாள். ஆசிரியர் ஃபிலிப்ஸ் அவளைக் கரும்பலகையின்முன் நிறுத்தி, அவளுடைய சினத்தைப் பற்றிய வாசகத்தை அவள் தலைக்கு மேலே எழுதுகிறார். எழுத்தறியாச் சிறு பிள்ளைகளுக்கும் விளங்கும்படி உரக்கப் படிக்கிறார். அதில் அவள் பெயர் ‘ஈ’ இல்லாமல் எழுதப்பட்டிருக்கிறது. ஃபிலிப்ஸ் அடிக்கவில்லை. எழுத்தைக்கூட வேண்டுமென்றே விட்டதாகத் தெரியவில்லை. அவர் கவனிக்கவில்லை, அவ்வளவே. அக்கவனமின்மையே கொடுமையாகிறது. பின்னர் வரும் மிஸ் ஸ்டேசியைப் பற்றிப் பேசும்போது, அவர் தன் பெயரை உச்சரிக்கையில் அதனை ‘ஈ’யுடன்தான் எண்ணுகிறார் என்று தனக்குத் தோன்றுவதாக ஆன் கூறுகிறாள். ஒலிக்காத எழுத்தை ஒருவர் குரலில் கேட்பது ஒலியியலுக்கு ஒவ்வாது. ஆனால் மதிப்பு என்பது பெரும்பாலும் அவ்வாறே கேட்கப்படுகிறது.

5. கரும்பலகை திரும்பிப் பேசியது

இங்கிலாந்தில் அரசு நிதிபெறும் பள்ளிகளில் உடல்தண்டனை 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் விலக்கப்பட்டு, அவ்விலக்கு 1987இல் நடைமுறைக்கு வந்தது. தனியார் பள்ளிகளுக்கு அது 1999இல்தான் நீட்டிக்கப்பட்டது. இவ்விடைக்காலத்தில், 1988இல், ரோல்டு டாலின் ‘மட்டில்டா’ வெளிவந்தது. தம் பள்ளிக்காலப் பிரம்படிகளை 1984இல் ‘பாய்’ என்னும் நினைவு நூலில் எழுதியிருந்தவர் டால். ஆனால் மட்டில்டாவின் தலைமையாசிரியை டிரஞ்ச்புல் நாம் அறிந்த ஆசிரியர்களின் அளவில் இல்லை. சிறுமியைப் பின்னலைப் பிடித்துச் சுழற்றி எறிபவர். பெற்றோரிடம் சொன்னால் நம்பமாட்டார்கள் என்னும் அளவுக்குக் கொடுமை மிகைப்படுத்தப்பட்டுள்ளது. அம்மிகையே அவருக்குப் பாதுகாப்பாக அமைவதையும் நூல் குறிப்பிடுகிறது. அவர் மாணவரைப் பூச்சியாகவும் கொப்புளமாகவும் அழைப்பவர். குழந்தைகளே இல்லாத பள்ளியே நல்ல பள்ளி என்பது அவர் கொள்கை.

இந்நூலில் ‘பெயர்கள்’ என்னும் தலைப்பிலேயே ஓர் இயல் உண்டு. இளம் ஆசிரியை மிஸ் ஹனியின் துயரக்கதையைக் கேட்டறிந்த மட்டில்டா, மூன்று செய்திகளை மட்டும் வினவுகிறாள்: அவருடைய தந்தை வீட்டில் எப்பெயரால் அழைக்கப்பட்டார்? அவர் டிரஞ்ச்புல்லை எவ்வாறு அழைத்தார்? அவ்விருவரும் மிஸ் ஹனியை எவ்வாறு அழைத்தனர்? மேக்னஸ், அகதா, ஜென்னி என்னும் மூன்று பெயர்கள் கிடைக்கின்றன. சில நாள்களுக்குப் பின் வகுப்பறையில் சாக்கட்டி தானே எழுந்து, இப்பெயர்களைக் கொண்டு கரும்பலகையில் எழுதுகிறது. பட்டமும் பதவியும் நீங்கி வெறும் ‘அகதா’ என்று விளிக்கப்பட்ட அளவில் டிரஞ்ச்புல் மயங்கி விழுகிறார். 1908இல் ஒரு சிறுமியின் பெயரைச் சிதைத்த கரும்பலகை, எண்பது ஆண்டுகள் கழித்து ஓர் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைக்கிறது.

ஜே.கே. ரோலிங் 2003இல் வெளியிட்ட ஐந்தாம் ஹாரி பாட்டர் நூலில் எழுத்து கரும்பலகையிலிருந்து உடலுக்கு நகர்கிறது. அம்பிரிட்ஜ் என்னும் ஆசிரியை தரும் இறகுப்பேனா தாளில் எழுதுவதை எழுதுபவனின் கையிலேயே கீறுகிறது. இவ்வாசிரியை உரக்கப் பேசுவதில்லை, வசைபாடுவதில்லை, மாணவர் ஒரே குரலில் வணக்கம் கூறவேண்டும் என்பதில் கருத்துடையவர். அதே பள்ளியில் மக்கோனகல் என்னும் ஆசிரியை ஹாரியைக் குடும்பப்பெயரால் மட்டுமே அழைக்கிறார். ஆயினும் நடுநிலை பிறழாதவர். விளியின் வடிவத்தைக் கொண்டு மட்டும் கொடுமையை அளக்க முடியாது என்பதற்கு இவ்விருவரும் சான்று. மரியாதைச் சொல்லும் கருவியாகலாம், மொட்டைப்பெயரும் நேர்மையாகலாம்.

6. குழந்தை இடும் பெயர்

இதுவரை கண்ட ஆசிரியர்களின் பெயர்கள் யாவும் கதையுலகில் இடுகுறிப்பெயர்கள், வாசகருக்குக் காரணப்பெயர்கள். கிராட்கிரைண்ட் தம் பெயரில் அரைக்கும் ஒலி இருப்பதை அறியமாட்டார். இவ்விரட்டைநிலையே இப்பெயர்களின் இயல்பு. பள்ளிப் பிள்ளைகள் ஆசிரியர் அறியாமல் அவருக்கு இடும் பட்டப்பெயரோடு இது முற்றிலும் ஒத்தது. புனைகதையாசிரியர் ஒரு பழைய மாணவராக நின்று இப்பெயரை இடுகிறார்.

எனின், இவ்வுரிமை குழந்தையால் தவறாகப் பயன்படுத்தப்படலாகாதா? இவ்வினாவை எழுப்புகிறது ஆர்.கே. நாராயண் ஆங்கிலத்தில் எழுதிய ‘ஃபாதர்ஸ் ஹெல்ப்’ என்னும் மால்குடிச் சிறுகதை. பள்ளிக்குச் செல்ல விரும்பாத சுவாமி, தாமதமாகச் சென்றால் சாமுவேல் என்னும் ஆசிரியர் கடுமையாக அடிப்பார் என்று தந்தையிடம் கூறுகிறான். தந்தை தலைமையாசிரியருக்குக் கடிதம் எழுதித் தருகிறார். வழியெல்லாம் சுவாமியின் மனம் உறுத்துகிறது; சாமுவேல் அத்தகையவர் அல்லர் என்பது அவனுக்குத் தெரியும். கடிதத்திற்குத் தகுதியானவராக அவரை ஆக்கிவிட வேண்டுமென்று வகுப்பில் அவன் வலிந்து அவரைச் சினமூட்டுகிறான். தலைமையாசிரியர் விடுப்பில் இருக்கிறார். கடிதத்தைப் பெறவேண்டிய துணைத் தலைமையாசிரியர் சாமுவேலே. சுவாமி கடிதத்தோடு ஓடிவிடுகிறான்.

கொடிய ஆசிரியர் என்பவர் ஒரு குழந்தையின் கூற்றிலிருந்து பிறப்பவர் என்பதை இக்கதை உணர்த்துகிறது. கூற்று மெய்யாக இருக்கலாம், பொய்யாகவும் இருக்கலாம். வளர்ந்தோர் ஒரு முறை நம்பவேண்டிய இடத்தில் நம்பாமலும், மற்றொரு முறை நம்பக்கூடாத இடத்தில் நம்பியும் தவறுகின்றனர். டாலின் கதையில் பெற்றோர் நம்பமாட்டார். நாராயண் கதையில் தந்தை உடனே நம்பிவிடுகிறார். இருவருமே குழந்தையிடம் மேலும் ஒரு வினா கேட்பதில்லை. மிஸ் டெம்பிள் கேட்டது அவ்வினாவையே.

7. தமிழில் பெயர்க்கும்போது

7.1 பெயர்கள்

காரணப்பெயர்களை ஒலிபெயர்த்தால் காரணம் மறைகிறது. பொருள்பெயர்த்தால் களம் மறைகிறது. மிஸ் ஹனியை ‘தேன்மொழி’ ஆக்கினால் அவர் தமிழ்நாட்டு ஆசிரியையாகிவிடுவார். ஒலிபெயர்ப்பைக் காத்துக்கொண்டு, மாணவர் உரையாடலில் ஒரு பட்டப்பெயரைத் துணையாக அமைத்தல் இயன்ற வழி. பட்டப்பெயரிடும் வழக்கம் தமிழ்ப் பள்ளிகளில் வேரூன்றியது. வாசகச் சிறுவர் அதனை உடனே இனங்காண்பர்.

ஆனின் ‘ஈ’ இதனினும் கடினமானது. தமிழில் எழுதப்பட்ட மெய்யெழுத்து ஒலியாதிருப்பதில்லை. ‘ஆன்’ என்பதை ஆசிரியர் ‘ஆண்’ எனப் பிழையாக எழுதினார் என்று அமைக்கலாமா? ஒருவகையில் இது மிகப் பொருத்தமானது. னகர ணகர வேறுபாடு பலருடைய பேச்சில் மங்கி, எழுத்தில் மட்டும் எஞ்சி நிற்பது; அதனைத் திருந்த ஒலிக்கும் ஆசிரியரைக் குழந்தை மதிப்பதும் இயல்பு. அன்றியும், வளர்ப்புப் பெற்றோர் ஆண்பிள்ளையை வேண்டியிருக்க, தவறுதலாக வந்து சேர்ந்தவள் ஆன். ஆனால் இப்பொருத்தமே இடராகிறது. மூலத்தில் கவனமின்மையாக இருப்பது தமிழில் கேலியாக மாறிவிடும்; வகுப்பு சிரித்துவிடும். ஃபிலிப்ஸ் தம் தகுதிக்கு மீறிய சொல்விளையாட்டுக்காரர் ஆகிவிடுவார். ஆதலின் இத்தீர்வை முழுமையாகப் பரிந்துரைக்க இயலவில்லை. எனினும் இதனைவிடச் சிறந்ததொன்று கிட்டும்வரை ஒதுக்கவும் மனமில்லை.

7.2 விளியும் ஏவலும்

குடும்பப்பெயர் வழக்கம் தமிழரிடையே பரவலாக இல்லாமையால் ‘பர்ன்ஸ்’, ‘ஹெலன்’ என்னும் வேறுபாடு தமிழ்ச் சிறுவர்க்கு வெறும் இரு பெயர்களாகவே தோன்றும். ஆங்கிலத்தில் இல்லாத நீ, நீங்கள் என்னும் பாகுபாடும் இங்கு உதவாது. கொடியவர், கனிவுடையவர் இருவருமே குழந்தையை ‘நீ’ என்றுதான் அழைப்பர். டா, டி சேர்த்தலால் கொடுமை புலப்படும் என்று கருதுவதும் பொருந்தாது. தாயும் நண்பரும் அவற்றையே அன்பிற்குப் பயன்படுத்துகின்றனர்.

ஆயினும் தமிழுக்கு வேறு கருவிகள் உண்டு. ‘சொல்’ என்னும் ஏவலோடு ‘தொலை’ என்னும் துணைவினை சேர்ந்து ‘சொல்லித் தொலை’ என்றாகும்போது, பேசுவோரின் வெறுப்பு வினைக்குள்ளேயே புகுந்துவிடுகிறது. அதே ஏவல் ‘சொல்லேன்’ என்றாகும்போது, மறுக்கும் உரிமையைக் கேட்பவருக்கு அளிக்கும் வேண்டுகோளாகிறது. ஒரு வசைச்சொல்லும் ஒரு கொஞ்சற்சொல்லும் இன்றி இருவேறு ஆசிரியர்களை இவ்விரு வடிவங்களால் நிறுத்திவிடலாம். மூலத்தில் குரலின் தொனியாக இருப்பதைத் தமிழில் வினைவடிவம் தாங்கிக்கொள்ளும்.

7.3 அவளா, அவரா?

மொழிபெயர்ப்பாளர் அறியாமலே பெரும் முடிவு எடுக்கும் இடம் இது. ஆங்கிலக் கதைசொல்லி இரு ஆசிரியைகளையும் ஒரே பிரதிப்பெயரால் சுட்டுகிறார். தமிழிலோ ஒவ்வொரு வினைமுற்றும் வந்தாளா, வந்தாரா என்று கேட்டு நிற்கிறது. இக்கட்டுரையாளர் பயிற்சி வகுப்பொன்றிற்காக ‘மட்டில்டா’வின் சில பக்கங்களை வரைவாகப் பெயர்த்தபோது, தம்மை அறியாமலே டிரஞ்ச்புல்லை ‘அவள்’ என்றும் மிஸ் ஹனியை ‘அவர்’ என்றும் எழுதிவிட்டார். வரைவைப் படித்த பயிற்சியாளர் ஒருவர், “ஹனிக்கு இருபத்து மூன்று வயதுதான், மற்றவர் தலைமையாசிரியர். மரியாதையை ஏன் மாற்றிக் கொடுத்தீர்கள்?” என்று வினவினார். விடை கூற இயலவில்லை. கதை தன் தீர்ப்பைக் கூறுமுன் இலக்கணம் அதனைக் கூறிவிட்டிருந்தது. மேலும், அடிக்கும் ஆண் ஆசிரியரான ஸ்கியர்ஸை ‘அவன்’ என்று எழுத அதே கை தயங்கியிருக்கும் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். டிரஞ்ச்புல் இழந்த மரியாதையில் கொடுமைக்கு ஒரு பங்கு. பெண் என்பதற்கு ஒரு பங்கு.

இருவருக்கும் ‘அவர்’ என்பதே தக்கது என்று இக்கட்டுரை கருதுகிறது. குழந்தையின் உலகில் கொடிய ஆசிரியரின் வலிமை எங்கிருந்து வருகிறதென்றால், அவரையும் ‘அவர்’ என்றே சொல்லவேண்டியிருப்பதிலிருந்து வருகிறது. மரியாதையை நீக்கிவிட்டால் அவர் ஓர் அரக்கியாகிறார். அரக்கிக்கு அஞ்சலாம், அவரிடமிருந்து நீதியை எதிர்பார்க்க முடியாது. ஆசிரியராக நீடித்தால்தான் அவர் செய்வது நம்பிக்கைக்கேடு ஆகிறது. மாணவர் தமக்குள் பேசும்போது ‘அந்தம்மா’ என்றும் ‘அது’ என்றும் சொல்லட்டும். டால் அப்பெயருக்குமுன் ஆங்கிலச் சுட்டு இடைச்சொல்லைச் சேர்த்து, ஒரு விலங்கைச் சுட்டுவதுபோல் எழுதுகிறார். அதற்கு நிகராக ‘அந்த டிரஞ்ச்புல் வந்தார்’ என்று எழுதினால், ‘அந்த’ என்பதன் வெறுப்பும் ‘வந்தார்’ என்பதன் அச்சமும் ஒரே தொடரில் மோதுகின்றன. மூலத்தின் நகைச்சுவை தமிழில் உயிர்பெறும் இடம் அது.

7.4 கண்டிப்பும் கொடுமையும்

தமிழ் வழக்கில் ‘கண்டிப்பான ஆசிரியர்’ என்பது பாராட்டு. அடியாத மாடு படியாது என்னும் பழமொழி இன்றும் பெற்றோர் வாயில் வழங்குகிறது. ஆகவே கொடிய ஆசிரியரைப் பெயர்க்கும்போது கண்டிப்பு, கடுமை, கொடுமை என்னும் மூன்று சொற்களின் எல்லைகளை மொழிபெயர்ப்பாளர் காத்தல் வேண்டும். மக்கோனகல் கண்டிப்பானவர். மிஸ் ஸ்கேச்சர்ட் கடுமையானவர். அம்பிரிட்ஜ் கொடியவர். இம்மூவரையும் ‘கண்டிப்பானவர்’ என்னும் ஒரே சொல்லால் மூடினால், அடியும் கல்வியும் ஒன்றே என்று கற்ற குழந்தைக்கு நூல் புதிதாக எதையும் சொல்லாது. கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு 2009இல் உடல்தண்டனையுடன் மனவுளைச்சல் தருவதையும் விலக்கியது. இரண்டாவதற்கு உரிய சொற்களைச் சட்டத்தைக் காட்டிலும் புனைகதையே நுட்பமாகத் தரவல்லது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: ஆங்கிலச் சிறார் புனைகதை தொடக்கத்தில் ஆசிரியரின் குரலாக இருந்து, 1838 முதல் 1854 வரையிலான காலத்தில் குழந்தையின் சாட்சியாக மாறியது. அம்மாற்றத்தின் மொழியியல் அடையாளம் பெயர். எண், குடும்பப்பெயர், விடுபட்ட எழுத்து, வசைச்சொல் ஆகியன பெயர் பறித்தலின் வடிவங்கள்; கேட்டறிதல், திருத்தி அறிவித்தல், சரியாக உச்சரித்தல் ஆகியன பெயர் அளித்தலின் வடிவங்கள். கொடுமையும் கனிவும் மரியாதை வடிவங்களோடு நேர்ப்பொருத்தம் உடையன அல்ல. ஆதலின் மொழிபெயர்ப்பாளர் பால், மரியாதை விகுதிகளைக் கொண்டு தீர்ப்பு வழங்காது, ஏவலின் வடிவையும் விளியின் இடத்தையும் கொண்டு பாத்திரத்தை அமைத்தல் நன்று.

இக்கட்டுரையாளர் பயின்ற வகுப்பில் அறுபதுக்கும் மேற்பட்டோர் இருந்தனர். வருகைப்பதிவு எண்ணாலேயே எடுக்கப்பட்டது. அது கொடுமை என்று அப்போது எவரும் எண்ணியதில்லை, நேரம் மிச்சமாயிற்று. ஆனால் ஓர் ஆண்டு தற்காலிகமாக வந்த ஓர் ஆசிரியை, பதிவேட்டைத் திறக்கும் முன்பே முகம் பார்த்துப் பெயர் சொல்வார். அவர் நடத்திய பாடங்களுள் ஒன்றும் இன்று நினைவில் இல்லை. அவர் வாயிலாகத் தம் பெயரின் ழகரம் சரியாக ஒலித்ததை மட்டும் இக்கட்டுரையாளர் மறக்கவில்லை.